தட்டம்மையும் கை-கால்-வாய் நோயும்: அந்தமானில் பயம் போக வேண்டிய திசை

அந்தமான் தமிழ்க் குடும்பங்களில் சின்னக் குழந்தையின் உடம்பில் சிவப்பாக எது கிளம்பினாலும் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது அம்மை என்ற சொல்தான். போர்ட் பிளேர் ஜங்லிகாட்டின் நெருக்கமான தெருக்களிலும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரை ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றிய கச்சால் தீவிலும், வேப்பிலை பறிக்க ஒருவர் கிளம்பிவிடுவார். அந்த ஒரே சொல்லின் கீழ் இன்று இரண்டு வேறு நோய்கள் வந்து போகின்றன. ஒன்று, மணல்வாரி என்றும் சொல்லப்படும் தட்டம்மை. இன்னொன்று கை-கால்-வாய் நோய். 2022-இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் பரவியபோது பத்திரிகைகள் தக்காளிக் காய்ச்சல் என்று எழுதியது பெரும்பாலும் இதைத்தான்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம், நம் பயம் இடம் மாறி நிற்பதுதான். உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் பதறி ஓடுகிறாள். ஆனால் அந்தக் குழந்தை அநேகமாகப் பத்து நாளில் தேறிவிடும். தட்டம்மைத் தடிப்போ பார்வைக்குச் சாதுவானது. கொப்புளம் இல்லை, நீர் கோப்பதில்லை. "மூணு தண்ணி ஊத்தினா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். உலகம் முழுவதும் 2023-இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற நோய் அது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதைத் தொடாதவர்கள்.

முதலில் அடையாளம். கை-கால்-வாய் நோய் பெரும்பாலும் வாயில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். லேசான காய்ச்சல், ஒன்றிரண்டு நாள் சோர்வு. பிறகு குழந்தை சோற்றைத் தள்ளிவிடும், பாலுக்கும் வாய் வைக்காது, எச்சில் ஒழுகும். டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் அண்ணத்திலும் சிறு புண்கள் இருக்கும். அடுத்து உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம், சில குழந்தைகளுக்கு முழங்காலிலும் முழங்கையிலும் கூட, சாம்பல் பூத்த சிறு கொப்புளங்கள். பெரும்பாலும் அரிப்பு இருக்காது. தொற்றிய 3 முதல் 6 நாளில் இது தொடங்கிவிடும்.

தட்டம்மை அவசரப்படாது. தொற்றியதிலிருந்து தடிப்பு வரை ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். தடிப்புக்கு மூன்று நான்கு நாள் முன்பே கடுங்காய்ச்சல், விடாத இருமல், மூக்கொழுகல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும் சிவந்த கண்கள். அந்த நாட்களில் கடைவாய்ப் பற்களை ஒட்டிய கன்னத்தின் உள்பக்கம் உப்புத் துகள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரியும். நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் ஹென்றி கோப்ளிக் 1896-இல் இவற்றை விவரித்ததால் கோப்ளிக் புள்ளிகள் என்று பெயர். பிறகு காதுக்குப் பின்னாலும் நெற்றியின் முடியோரத்திலும் தடிப்பு தொடங்கி, முகம், கழுத்து, மார்பு, வயிறு, கால் என்று மூன்று நாளில் மேலிருந்து கீழாக இறங்கும். மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று கண்ணுக்குப் படாது; முதுகைத் தடவினால் சொரசொரப்பு கையில் தட்டுப்படும். மறையும்போது பழுப்பாகி, தவிடுபோலத் தோல் உதிரும்.

ஆகவே, வீட்டில் பாட்டி கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: தடிப்பு முதலில் எங்கே வந்தது? அதற்கு முன் எத்தனை நாள் காய்ச்சலும் இருமலும் இருந்தன? காதோரத்தில் தொடங்கியது, மூன்று நாளாகக் கண்ணும் மூக்கும் ஒழுகின என்றால் தட்டம்மையைச் சந்தேகிக்க வேண்டும். வாயிலும் உள்ளங்கையிலும் தொடங்கியது, இருமல் இல்லை என்றால் மற்றது.

சின்னம்மை இவ்விரண்டோடும் குழப்பிக்கொள்ளப்படுகிறது. அது உடம்பின் நடுப்பகுதியில் அடர்ந்து, தலைமுடிக்குள்ளும் வந்து, நன்றாக அரிக்கும். புதுக் கொப்புளமும் காய்ந்த பொருக்கும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்தமானில் டெங்குவும் ஸ்க்ரப் டைஃபஸும் உண்டு. அவற்றிலும் காய்ச்சலோடு தடிப்பு வரலாம். அதனால் வீட்டில் கண்டுபிடிப்பது முதல் படிதான். உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கு வரும் கோமாரிக்கும் குழந்தைக்கு வரும் கை-கால்-வாய் நோய்க்கும் தொடர்பே கிடையாது. வைரஸ் வேறு. இந்தப் பயத்தில் பாலை நிறுத்த வேண்டாம்.

இந்த இரண்டு நோய்களுக்கும் தீவுகளோடு உள்ள உறவுதான் என்னை இந்த ஒப்பீட்டுக்கு இழுத்து வந்தது.

தட்டம்மை ஒரு முறை வந்தவருக்கு ஆயுள் முழுவதும் மீண்டும் வராது. எனவே அது நிலைத்திருக்க, தொற்றாத குழந்தைகள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை மக்கள்தொகை வேண்டும் என்பது புள்ளியியலாளர் பார்ட்லெட்டும், தீவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்த ஃபிரான்சிஸ் பிளாக்கும் 1950-60களில் போட்ட கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மொத்த மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம், அதுவும் பல தீவுகளில் சிதறிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் தட்டம்மை குடியிருக்க முடியாது. வெளியிலிருந்து வரும், தீயாய்ப் பரவும், எரிக்க ஆளில்லாமல் அணையும். அணைந்த பிறகு பிறந்த தலைமுறைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது. அடுத்த கப்பல் வரும்வரை அந்தத் தலைமுறை பாதுகாப்பாக இருப்பதுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் 1846-இல் இது கண்ணுக்கு முன்னால் நிரூபணமானது. 1781-க்குப் பிறகு தட்டம்மையே காணாத அந்தத் தீவுகளில் 7,800 பேரில் ஏறத்தாழ 6,000 பேர் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும், 1781-இல் நோய் கண்டிருந்த முதியவர்களை மட்டும் அது தொடவில்லை என்பதைக் கவனித்தார். தொற்றுக்கும் தடிப்புக்கும் இடையே இரண்டு வாரம் என்று கணக்கிட்டுச் சொன்னவரும் அவரே. 1875-இல் ஃபிஜிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கப்பலில் தட்டம்மை இறங்கியது. சில மாதங்களில் அந்நாட்டு மக்களில் நாலில் ஒரு பங்கு, சுமார் 40,000 பேர் மாண்டார்கள்.

இரண்டே ஆண்டு கழித்து, 1877-இல், அந்தமானுக்கு வந்தது. 1858-இல் பிரிட்டிஷார் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை அமைத்தபின், கிரேட் அந்தமானிய மக்களைத் தங்கவைத்துப் 'பழக்குவதற்காக' அந்தமான் இல்லங்கள் என்ற விடுதிகளை நடத்தினார்கள். காட்டில் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து வாழ்ந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் கூட்டப்பட்டார்கள். காற்றில் பரவும் நோய்க்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. அந்த மக்களுக்குப் பொறுப்பதிகாரியாக இருந்த எம்.வி. போர்ட்மன் 1899-இல் வெளியிட்ட வரலாற்றில், கிரேட் அந்தமானில் இருந்த அந்தமானியரில் பாதிப் பேர், ஒருவேளை மூன்றில் இரண்டு பங்கினர், இந்தத் தட்டம்மையாலும் அதன் பின்விளைவுகளாலும் இறந்ததாக எழுதினார். மேகநோயும் இன்ஃபுளுவன்சாவும் அந்த மக்களை வேறு அழித்துக்கொண்டிருந்தன. 1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 625 பேர். 1961-இல் 19 பேர். இந்த எண்களை எழுதும்போது என்னால் வெறும் புள்ளிவிவரமாக எழுத முடியவில்லை. பல மொழிகள், பல குலங்கள் அவற்றுக்குள் போயிருக்கின்றன.

இது பழங்கதையும் இல்லை. அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவா மக்கள் 1997-98-இல் காட்டைவிட்டு வந்து வெளியாரோடு பழகத் தொடங்கினார்கள். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. சுமார் முந்நூறு பேர் கொண்ட சமூகத்தில் நூறு பேருக்கு மேல் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 2006-இல் மறுபடியும் வந்தது. 1877-க்கும் 1999-க்கும் இடையே வைரஸ் மாறவில்லை. நிமோனியாவுக்கு மருந்து இருந்தது, போர்ட் பிளேரில் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இருந்தது, அவசரம் தெரிந்த மருத்துவர்கள் இருந்தார்கள். மாறியது அதுதான்.

கை-கால்-வாய் நோய்க்கு இப்படி ஒரு வரலாறே கிடையாது. 1957-இல் கனடாவின் டொரொன்டோவில் கண்டறியப்பட்டு, 1959-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பரவியபோது பெயர் பெற்ற நோய். இந்தியாவில் கவனத்துக்கு வந்ததே 2003-இல், கோழிக்கோட்டில். அந்தமானில் இந்த நோயைப் போர்ட் பிளேரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையத்தினர் ஆராய்ந்து, 2018-இல் இந்தியன் பீடியாட்ரிக்ஸ் இதழில் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஃபாரோவையும் ஃபிஜியையும்போல ஒரு தீவு இதனால் பாழானதில்லை. காரணம், அதன் பிழைப்பு முறையே வேறு. காக்ஸாக்கி ஏ16, ஏ6, எண்டெரோவைரஸ் 71 எனப் பல வைரஸ்கள் இந்த ஒரே நோயைத் தருகின்றன. ஒன்று வந்து போனாலும் இன்னொன்று வரலாம்; அதனால்தான் ஒரே குழந்தைக்கு இரண்டாம் முறையும் வருகிறது. பெரியவர்கள் பலர் அறிகுறியே இல்லாமல் சுமக்கிறார்கள். குழந்தை குணமான பிறகும் பல வாரங்கள் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆளைக் கொல்லாமல் ஊரோடு தங்கிவிடும் வகை இது.

பயணக் கணக்கிலும் இரண்டும் பிரிகின்றன. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேருக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தட்டம்மை தொற்றிய குழந்தை கப்பலிலும் சிரித்து விளையாடி, ஹேடோ துறையில் இறங்கும்போதும் நன்றாக இருந்து, ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலில் விழலாம். தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பே அது மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கியிருக்கும். தடுப்பூசி போடாமல் அருகில் இருந்த பத்துப் பேரில் ஒன்பது பேரை அது பிடித்துக்கொள்ளும். ஆகவே துறைமுகத்தில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தட்டம்மையைத் தடுக்க முடியாது. தீவுக்குள் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 95 விழுக்காடு இருந்தால்தான் முடியும்.

தடுப்பு முறைகளும் அப்படியே எதிரெதிர். தட்டம்மை வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பும் வெயிலும் பட்டால் சாகும். ஆனால் நோயாளி எழுந்துபோன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். கை கழுவி அதைத் தடுக்க முடியாது. கை-கால்-வாய் நோயின் வைரஸுக்கு அந்த உறை இல்லை. கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த சானிடைசரை அது பெரிதாக மதிக்காது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதும், பொம்மைகளையும் கழிப்பறையையும் பிளீச்சிங் கரைசலால் துடைப்பதும்தான் வேலை செய்யும். மழை விடாமல் பெய்யும் மாதங்களில் அங்கன்வாடியின் ஒரே பாயில் இருபது குழந்தைகள் உட்காரும்போது, குடிக்கும் டம்ளரைத் தனித்தனியாக வைப்பது சின்ன வேலை, பெரிய பலன்.

வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். வேப்பிலையைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நோயாளியைத் தனியே வைப்பது, வெளியாள் வராமல் வாசலிலேயே அடையாளம் காட்டுவது, குளிர்ச்சியானதைக் கொடுப்பது எல்லாம் அனுபவம் தந்த அறிவு. கை-கால்-வாய் நோய்க்கு இந்த முறை ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. வாய்ப்புண்ணால் குழந்தை குடிக்க மறுப்பதே இதில் பெரிய ஆபத்து, உடம்பு வறண்டுவிடும். ஆறவைத்த நொய்க்கஞ்சி, உப்புக் குறைத்த மோர், தீவில் எங்கும் கிடைக்கும் இளநீர் ஆகியவற்றை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினால் போதும். தாளிப்பு, காரம், எலுமிச்சை எரியும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால், கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவில், மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடாது. ஆன்டிபயாடிக் இதற்கு உதவாது. கொப்புளத்தைக் கிள்ளவும் மேலே எதையும் அரைத்துப் பூசவும் வேண்டியதில்லை.

தட்டம்மையில் அதே மரபு இரண்டு இடங்களில் குழந்தைக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. ஒன்று, மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்ற தடை. இன்னொன்று, கவிச்சி கூடாது என்று மீனையும் முட்டையையும் நிறுத்துவது. தட்டம்மை உடம்பிலிருக்கும் வைட்டமின் ஏ-யைக் கரைத்துவிடும். கண்ணின் கருவிழி பாதிக்கப்பட்டுப் பார்வையே போகலாம். தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்கள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் வேளைக்கு 2 லட்சம் யூனிட், 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம், அதற்கும் சிறியவர்களுக்கு 50,000. இதைச் சுகாதார நிலையத்தில்தான் வாங்க வேண்டும். வீட்டில் முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை, மீன் எல்லாமே நல்லது. சுற்றிலும் கடல் இருக்க, இளைத்த குழந்தைக்கு மீனை மறுப்பது எனக்கு மனசு கேட்காத காரியம்.

எப்போது கிளம்புவது என்பது தீவில் தனிக் கேள்வி. சென்னையில் இருப்பவர் ஆட்டோ பிடித்துவிடலாம். கேம்ப்பெல் பேயில் இருப்பவர் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்ட வேண்டும்; பருவக்காற்று வீசும்போது கப்பலும் தள்ளிப்போகும், ஹெலிகாப்டரும் தள்ளிப்போகும். ஆகவே அபாய அறிகுறி முற்றும் வரை காத்திருக்காமல், முதல் சந்தேகத்திலேயே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட வேண்டும்.

கை-கால்-வாய் நோயில் கவனிக்க வேண்டியவை: மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், திரும்பத் திரும்ப வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், தள்ளாடும் நடை. தூக்கத்தில் குழந்தைக்கு அடிக்கடி தூக்கிவாரிப் போடுவதை முக்கியமாகச் சொல்வேன். எண்டெரோவைரஸ் 71 மூளைத்தண்டைத் தாக்கும்போது வரும் அறிகுறி அது. 1998-இல் தைவானில் இந்த வைரஸ் பரவி 78 குழந்தைகள் இறந்தார்கள். குழந்தை அநேகமாகப் பத்து நாளில் தேறிவிடும் என்று நான் மேலே சொன்னதற்குள் இந்த விதிவிலக்கும் இருக்கிறது. அந்த ஒரு வைரஸுக்குச் சீனாவில் 2015-இல் தடுப்பூசி வந்தது. ஆனால் அது ஏ16-ஐயோ ஏ6-ஐயோ தடுக்காது.

தட்டம்மையில் பார்க்க வேண்டியது மூச்சு. வேகமாக வாங்குகிறதா, விலா உள்ளே இழுக்கிறதா? இதில் குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் நிமோனியா. தடிப்பு மங்கத் தொடங்கிய பிறகு காய்ச்சல் திரும்பி வந்தால் அது மங்கல அறிகுறி இல்லை. வலிப்பு, காதில் சீழ், கருவிழியில் வெண்மை, நிற்காத பேதி ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது.

குணமான பிறகு உடம்பில் எது மிஞ்சுகிறது என்பதிலும் இந்த இரண்டுக்கும் எத்தனை தூரம்! கை-கால்-வாய் நோய் வந்து சில வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்கு நகம் கழன்று விழும். தாய்மார் மிரண்டுபோவார்கள். வலியில்லை, மருந்தும் தேவையில்லை, புது நகம் முளைத்துவிடும். தட்டம்மை விட்டுச் செல்வது வெளியே தெரியாது. பழைய நோய்களை எதிர்க்கக் குழந்தையின் உடம்பு சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை அது அழித்துவிடுவதாக 2019-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. பிறகு பல மாதங்கள் சளியும் பேதியும் அந்தக் குழந்தையை மாற்றி மாற்றிப் பிடிப்பதற்கு இதுவே காரணம். மிக அரிதாக, ஏழு முதல் பத்து ஆண்டு கழித்து, மூளையைத் தின்னும் எஸ்.எஸ்.பி.ஈ. என்ற நோயாகவும் அது திரும்பி வருகிறது. அதற்கு மருந்தில்லை.

இவ்வளவையும் தடுக்கும் ஊசி 1985-இலிருந்து இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இப்போது அது ரூபெல்லாவையும் சேர்த்துத் தடுக்கும் எம்.ஆர். ஊசி. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. தீவுகளில் வேலை மாறி, தீவு மாறி, பிரசவத்துக்குத் தாய்வீடு போய்த் திரும்பும் குடும்பங்களில் விட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவது ஊசிதான். ராமநாதபுரத்தில் முதல் ஊசி போட்ட குழந்தையின் அட்டை அங்கேயே பீரோவில் தங்கிவிடும். இங்கே துணை மையத்தின் பதிவேட்டில் அந்தப் பெயர் ஏறியிருக்காது.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்? தட்டம்மையானால் தடிப்பு தொடங்கியதிலிருந்து நான்கு நாள் கண்டிப்பாக வீட்டில் இருக்க வேண்டும். பிறகும் உடம்பு தேறியதும்தான். கை-கால்-வாய் நோயில் காய்ச்சல் விட்டு, கொப்புளங்கள் காய்ந்ததும் அனுப்பலாம்; மலத்தில் வைரஸ் இன்னும் இருக்கும் என்பதால் கழுவிவிடுகிறவர் பல வாரங்கள் சோப்பை மறக்கக் கூடாது. வீட்டில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை என்று சந்தேகம் எழுந்தால், அதே நாளில் துணை மையத்து நர்ஸிடம் சொல்லிவிட்டு, கூடப் பிறந்ததுகளின் தடுப்பூசி அட்டையையும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். நோயாளியோடு பழகத் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால், தொற்றிய பிறகும் அவர்களைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.